பால் கொடுக்கும்போது வலி: தாய்மார் கேட்ட கேள்விகள்

மார்பு வலி, காம்பு வலி பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பிள்ளை பொறந்து எட்டு நாளாச்சுங்க. ரெண்டு காம்பும் வெடிச்சு ரத்தம் கசியுது. "மொதப் பிள்ளைக்கு அப்படித்தான், காம்பு பழகோணும், பல்லைக் கடிச்சுட்டுக் குடு"ங்கறாங்க அம்மாயி. ரத்தம் கலந்த பால் பிள்ளைக்கு ஆகுமா? (கோபி)

ரத்தத்தைப் பற்றிய பயம் வேண்டாம். வெடிப்பிலிருந்து கசிகிற கொஞ்சம் ரத்தம் குழந்தையை ஒன்றும் செய்யாது. கக்கும்போது சிவப்பாக வந்தாலும், மலம் கறுத்துப் போனாலும் காரணம் பெரும்பாலும் அதுதான். நிறைய வந்தாலோ, காம்பில் வெடிப்பே இல்லாமல் ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அம்மாயி சொல்வதில் கால்வாசி சரி. முதல் வாரம் குழந்தை கவ்வியதும் சுருக்கென்று இழுக்கும். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டால் கவலையில்லை. குடித்து முடிக்கும்வரை வலித்தாலோ, காம்பு வெடித்தாலோ குழந்தை கவ்வும் விதத்தைப் பார்க்க வேண்டும். பால் குடித்து வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிந்து நசுங்கியிருந்தால், குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டு மேலண்ணத்தில் வைத்து அழுத்துகிறது என்று அர்த்தம்.

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காம்பை வாய்க்கு நேராக நீட்டாமல் மூக்குக்கு நேராகக் காட்டுங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்பிடம் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் தள்ளாதீர்கள். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே தெரிவதைவிடக் கீழே குறைவாகத் தெரிந்தால் சரியாகக் கவ்வியிருக்கிறது. வலி நிற்கவில்லையென்றால் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து மறுபடி ஆரம்பியுங்கள். அப்படியே பிடுங்கினால் வெடிப்பு இன்னும் கிழியும்.

புண்ணுக்கு உங்கள் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காயவிடலாம், லனோலின் களிம்பும் போடலாம். நம்ம ஊர் என்பதால் மஞ்சள் பற்றுப் போடச் சொல்ல ஆளுக்குக் குறைவிருக்காது. வெடித்த இடத்தில் அது வேண்டாம். சோப்பும் வேண்டாம். கவ்வல் சரியாக இருந்தும் வலி குறையாவிட்டால் குழந்தைக்கு நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாலாம் நாளே மாரு ரெண்டும் கல்லாட்டம் ஆயிருச்சு. பிள்ளையால கவ்வவே முடியலை. மல்லிகைப்பூ வெச்சுக் கட்டினா இறங்கும்ங்கறாங்க. (சத்தியமங்கலம்)

பூவைத் தலையில் வையுங்கள். மல்லிகை கட்டுவது பாலை வற்ற வைக்கிற வழி. குழந்தையை இழந்த தாய்க்குச் செய்வது. வேலூரில் அதைப் பால் நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு, 1988ல் வெளியிட்டிருக்கிறார்கள். பால் குறைந்ததில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கொடுக்க நினைக்கிற உங்களுக்கு அது எதற்கு?

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் இறங்கும்போது மார்பில் நீரும் கோத்துக்கொள்வதால் இப்படி இறுகும். காம்பைச் சுற்றி விரல் நுனிகளால் உள்நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகும். குழந்தையால் கவ்வ முடியும். குடித்த பிறகு குளிர்ந்த ஒத்தடம். முட்டைக்கோஸ் இலையை ஃபிரிட்ஜில் வைத்துப் போட்டாலும் இதமாக இருக்கும்.

ஏழு மாசக் குழந்தைங்க. பனியன் கம்பெனிக்குத் திரும்பப் போக ஆரம்பிச்சு பத்து நாள். இடது மாரில் கட்டி, மேலே சிவந்திருக்கு, குளிர் காய்ச்சல். பாலை நிறுத்திட்டு, கட்டியை நல்லா உருவிவிடச் சொல்றாங்க. (திருப்பூர்)

இரண்டுமே செய்யாதீர்கள். இது மார்பக அழற்சி. வீட்டில் இரண்டு மணிக்கொரு முறை குடித்துக்கொண்டிருந்த பால், கம்பெனியில் பகல் முழுக்கத் தேங்கி நின்றதன் விளைவு. மார்பின் ஒரு பகுதி சிவந்து, தொட்டால் சுட்டு, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலித்து, காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பக்கப் பாலைக் குழந்தை தாராளமாகக் குடிக்கலாம். திடீரென நிறுத்தினால்தான் சீழ் பிடிக்கும். ஆனால் ஒட்டக் கறந்துவிட வேண்டும் என்று பம்பை வைத்து இழுத்துக்கொண்டே இருக்கவும் கூடாது. பால் இன்னும் அதிகம் சுரந்து வீக்கம் கூடும். பழைய காலத்துச் சூடான ஒத்தடத்தையும் அழுத்தி நீவுவதையும் இப்போது வேண்டாம் என்கிறோம். வீங்கிய திசு அழுத்தினால் நசுங்கிப் புண்ணாகும். ஐஸ் ஒத்தடமும் பாராசிட்டமாலும் போதும். ஐபுபுரோஃபென் டாக்டரைக் கேட்டுப் போடலாம். ஒரு நாளில் குறையாவிட்டால் ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும். வழக்கமாக 10 முதல் 14 நாள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கட்டி மெத்தென்று குழைந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சீழ் இருந்தால் ஊசி வைத்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

இன்னொன்று: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உங்களுக்கு உண்டு. சூப்பர்வைசரிடம் கேளுங்கள். குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் கறந்து எடுத்து வையுங்கள்.

குடிச்சு முடிச்சதும் காம்பு வெள்ளையா மாறி, அப்புறம் நீலம் பாரிச்சு எரியுது. பூஞ்சை மருந்து போட்டும் கேக்கலை. (வால்பாறை)

நிறம் மாறுகிறது என்றால் அது பூஞ்சை இல்லை, ரத்தக்குழாய் சுருங்குவது. வால்பாறைக் குளிருக்கு இது அதிகமாகத் தெரியும். குழந்தை வாயை எடுத்த உடனே காற்றுப் படாமல் கம்பளியால் மூடிச் சூடாக வையுங்கள். கவ்வலையும் சரிபாருங்கள், நசுங்கிய காம்பிலும் இது வரும். அடங்காவிட்டால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் மாத்திரை இருக்கிறது. டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

பூஞ்சையென்றால் காம்பு பளபளவென்று சிவந்து அரிக்கும், குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கும். அப்போது இருவருக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும்.

பல் முளைச்சு கடிச்சு வெக்கறான். நிறுத்திரலாமா? (தாராபுரம்)

வேண்டாம். ஒழுங்காகக் குடிக்கிற குழந்தையின் நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருக்கும், கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடி. உறிஞ்சுவது குறைந்ததும் சுண்டுவிரலைப் போட்டு எடுத்துவிடுங்கள். கடித்தால் வீல் என்று கத்தாதீர்கள். சில குழந்தைகளுக்கு அது வேடிக்கையாகி மறுபடி கடிப்பார்கள்.