கும்பகோணத்தில் கோயிலை விட்டால் வேறு என்ன இருக்கிறது? சனி, ஞாயிறு இரண்டு நாள் போய் வரலாமா?

"கோயிலை விட்டால்" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதில். இல்லையென்றால் வழக்கம்போல் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். நான் அந்த ஊரில் பிறந்து, இருபத்திரண்டு வயது வரை அங்கேயே கிடந்தவன். இப்போது சென்னை. நீங்களும் சென்னைதான், வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறி திங்கள் காலை நேராக ஆபீஸ் போகிற ஆள், மகாபலிபுரம், பாண்டிச்சேரி, ஏற்காடு எல்லாம் முடித்துவிட்டு அடுத்தது எது என்று தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பென்றால் விட்டுவிடுங்கள்.

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த மாதம் என்று பார்த்துக்கொண்டு போங்கள். நான் பார்க்காமல் போய் சொந்த ஊரிலேயே அசடு வழிந்தேன்.

2024 மே. பெண்ணுக்குப் பள்ளி விடுமுறை. அவள் சின்னதாக இருந்தபோது தூங்கவைக்க நான் சொன்ன கதையெல்லாம் காவேரிதான். படித்துறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டால் மீன் வந்து கடிக்கும், ஆடிப்பெருக்கு அன்றைக்கு அப்பாயி காதோலை கருகமணி விடும்போது நாங்கள் தெருவில் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுவோம், இந்த மாதிரி. சரி, இந்த வருஷம் காட்டிவிடுவோம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். என் மனைவிக்குக் கோயம்புத்தூர் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து சிறுவாணித் தண்ணி பெருமை கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்கும் ஒரு பதில் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை.

ரயிலை விட்டு இறங்கி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் நேராக பகவத் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு மணிகூட ஆகியிருக்காது. கரைக்குக் கரை மணல். நடுவில் திட்டுத் திட்டாகக் காட்டாமணக்கு. அந்த நேரத்திலேயே பத்துப் பன்னிரண்டு பையன்கள் செங்கல்லை நட்டுவைத்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மனைவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு "ஆறு எங்கீங்க?" என்றாள். கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள். பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மணலில் காலை வைத்தாள். ஐந்து நிமிஷம் அப்படியே இருந்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே வந்து "சூடா இல்லப்பா, ஜில்லுனுதான் இருக்கு" என்றாள். எனக்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மே மாதம் போனது உன் முட்டாள்தனம் என்று எழுத ஒருவர் வருவார். ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். டெல்டாவில் பிறந்தவனுக்கு மேட்டூர் அணை ஜூன் 12 திறப்பார்கள், ஜனவரி 28 மூடுவார்கள் என்பது பாலோடு ஊட்டியிருக்க வேண்டிய விஷயம். மறந்தே போயிருந்தேன். சென்னையில் இருபது வருஷம் குழாயைத் திறந்தால் தண்ணீர், வராவிட்டால் லாரி என்று இருந்துவிட்டால் அணை எப்போது திறக்கிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள். அதுவும் இந்தத் தேதியெல்லாம் கணக்குக்குத்தான். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். நாங்கள் போன 2024இல் ஜூலை கடைசி வரை திறக்கவே இல்லை. திறந்த பிறகும் கல்லணை தாண்டிக் கும்பகோணம் வந்து சேரச் சில நாள் பிடிக்கும். ஆகவே ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் செய்தியில் மேட்டூர் நிலவரம் ஒரு தடவை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், குடை வேண்டும். ஆனால் ஆறு இருக்கும்.

லாட்ஜ் என்று சொன்னேன் இல்லையா, அதுவும் ஒரு கதை. சக்கரப் படித்துறைக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. திண்ணை, ரேழி, முற்றம், கொல்லையில் கிணறு. 2015இல் விற்றுவிட்டார்கள். ஆகவே பிறந்த ஊரில் காசு கொடுத்து ரூம் எடுக்கிற ஆளாகிவிட்டேன். ரிஜிஸ்டரில் "வந்த நோக்கம்" என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கவுண்டரில் இருந்த பையன் "சுற்றுலான்னு போடுங்க சார், நவக்கிரகம்தானே? வண்டி நம்மகிட்டயே இருக்கு" என்றான். சுற்றுலா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டை விற்றதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நாலு பங்கு, யாரும் அங்கே இல்லை, ஓடு மாற்றக்கூட ஆளில்லை, விற்கத்தான் வேண்டும். என் வயிற்றெரிச்சல் ஊஞ்சல். தேக்குப் பலகை, நாலு பித்தளைச் சங்கிலி. அப்பாயி கடைசி இரண்டு வருஷம் அதில்தான் படுத்திருந்தது. பத்திரப் பதிவுக்கு நான் போய்ச் சேருவதற்குள் பெரியப்பா மகன் அதைக் கழற்றி வேனில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். கேட்டால் "நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா" என்கிறார். சரி, அவராவது மாட்டி ஆடினாரா? அபார்ட்மென்ட் சீலிங் தாங்காதாம். போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன், பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பலகை சாய்த்து வைத்திருக்கிறது, அதன் மேல் மாப். சங்கிலியை என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரிகிறது. ஆனால் பெரிய தெருப் பாத்திரக் கடைகளில் இன்றைக்கும் அந்த மாதிரி ஊஞ்சல் சங்கிலி தொங்கவிட்டிருக்கிறார்கள். போனால் விலையாவது கேட்டு வையுங்கள்.

அதே 2024 செப்டம்பரில் மறுபடி போனோம். இந்தத் தடவை நான்தான் அடம்பிடித்தேன். மேல் படிகள் நாலைந்துதான் தெரிந்தன, மீதியெல்லாம் தண்ணீருக்குள். மண் கலந்த செந்தண்ணி, நல்ல இழுப்பு. அதனால் பெண்ணை இறங்க விடாமல் கையைப் பிடித்துக்கொண்டேதான் நின்றேன். உங்களுக்கும் சொல்கிறேன், நீச்சல் தெரியும் என்று நடுவே போகாதீர்கள், ஓரமாக உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டால் போதும். மீன் கடிக்கவில்லை. மனைவி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "பரவால்லீங்க" என்றாள். கோயம்புத்தூர்க்காரர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோயில் வேண்டாம் என்றால் விடுங்கள், நான் கட்டாயப்படுத்தவில்லை, நானே பெரிய பக்திமான் கிடையாது. ஆனால் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த ஊரில் கோயிலுக்கும் மற்றதற்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சுவாமிமலை நாலைந்து மைல்தான். அறுபது படி ஏறி முருகனைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கீழே ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, அதன் மேல் முதலில் பூசுவது காவேரி வண்டல். மாவு மாதிரி நைசாக இருக்கும், மெழுகில் கீறிய நகை, விரல் நகம் வரைக்கும் அப்படியே அச்சில் இறங்கும். மண்ணைக் காயவைத்துச் சுட்டு மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நாங்கள் போன பட்டறையில் ஒரு பெரியவர் தென்னை ஓலையைக் கிழித்து மடித்து மடித்து, அந்த மடிப்பை வைத்தே முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். பெண் ஸ்கேல் இல்லையா தாத்தா என்று கேட்டாள். "இதுதான் கண்ணு ஸ்கேலு" என்றார். அன்றைக்கு வார்ப்பு இல்லை. உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்.

தாராசுரம் மட்டும், கோயில் என்று பார்க்காமல், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டு, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி அண்ணாந்து பார்க்க வைக்காது, குனிந்து பார்க்க வைக்கும். நாயன்மார் கதைகளெல்லாம் ஒரு சாண் உயரச் சிற்பமாகச் சுவரைச் சுற்றி வரும். யானையும் காளையும் ஒட்டி நிற்கிற ஒரு சிற்பம் இருக்கிறது, இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானை உடம்பை மறைத்தால் காளை, காளை உடம்பை மறைத்தால் யானை. பெண் உள்ளங்கையை வைத்து மறைத்து மறைத்துப் பத்து நிமிஷம் நகரவில்லை. (தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் கோயிலைக் குறை சொல்லவில்லை.)

ஊருக்குள் எல்லாரும் சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாகேஸ்வரன் கோயிலுக்குள் போய், கருவறையின் வெளிச்சுவரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முற்காலச் சோழர் காலத்துப் பெண் உருவங்கள் அங்கே நிற்கின்றன. கொஞ்சம் தலை சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. தினமும் அந்த வழியாக டியூஷன் போனவன் நான், நாற்பத்து நாலு வயதில்தான் அவர்களை நின்று பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த வெயிலில் என்ன செய்வது என்பீர்கள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது, நாங்கள் போன சனிக்கிழமை மத்தியானம் திறந்திருந்தது. சின்ன வீடு, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற அரசுக் கல்லூரியில்தான் அவர் 1904இல் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதிலெல்லாம் கோட்டைவிட்டு, உதவித்தொகையை இழந்தார். அதே கல்லூரியில் நானும் அரியர் வைத்திருக்கிறேன். ஒற்றுமை அத்தோடு சரி.

சாப்பாடு. காலையில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, எல்லாக் கடையிலும் தினமும் இருக்காது, ஞாயிறு என்றால் கிடைக்க வாய்ப்பு அதிகம். டிகிரி காபி என்று நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டபராவோடு போர்டு வைத்திருக்கிறார்களே, அதையெல்லாம் வைத்து எங்கள் காபியை எடைபோடாதீர்கள். கள்ளிச்சொட்டு மாதிரி பால், முதல் டிகாக்ஷன், இரண்டும் இருந்தால் எவர்சில்வர் டம்ளரிலும் அது டிகிரி காபிதான். ஏற்கெனவே பழைய ஆட்கள் ஏமாற்று வேலைக்குக் "கும்பகோணம் பண்ணிட்டான்" என்று பேர் வைத்திருக்கிறார்கள், அந்தக் கெட்ட பேர் போதாதா எங்களுக்கு.

ஒன்றே ஒன்று. மகாமகத்துக்கு வருகிறேன் என்று 2028இல் வீக்கெண்ட் பிளான் போட்டுவிடாதீர்கள். 2016க்கு அப்புறம் அடுத்தது அதுதான், கூட்டம் சொல்லி மாளாது. 1992இல் குளத்துப் பக்கம் நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் செத்தார்கள். அன்றைக்கு அப்பாயி வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்த ஊஞ்சலைக் கதவுக்கு நேராக இழுத்து உட்கார்ந்துகொண்டது, எங்களை விடவில்லை. சாதாரண நாளில் அந்தக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஏதாவது ஒன்றில் ராத்திரி எட்டு மணிக்குப் போய் உட்காருங்கள், காற்று வரும்.

வெள்ளி ராத்திரி சென்னையில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் இறக்கிவிடும், ஞாயிறு ராத்திரி அதிலேயே திரும்பலாம். டிக்கெட் 60 நாள் முன்னால் திறக்கும், திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள். திரும்பும்போது ஒரு கவுளி வெற்றிலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். சென்னையில் கிடைப்பதில் பாதிக்கு மேல் தண்டுதான்.