விமானி அறையில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கிற கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் யாரெல்லாம் உட்காரலாம்? பைலட் தெரிந்தவர் என்றால் நாமும் போகலாமா?

போக முடியாது. பைலட் உங்கள் கூடப்பிறந்த அண்ணனாகவே இருந்தாலும், டிக்கெட் எடுத்த பயணி பறக்கும் நேரத்தில் விமானி அறைக்குள் போய் உட்கார முடியாது. 2001 செப்டம்பருக்கு முன்பு பல நாடுகளில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். இப்போது அந்தக் கதவு துப்பாக்கிக் குண்டு துளைக்காத கதவு, பறக்கும்போது பூட்டித்தான் இருக்கும்.

நான் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானப் பராமரிப்புப் பொறியியலாளராக நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது ஊரோடு திருகோணமலையில் இருக்கிறேன். அந்த இருக்கையில் பல தடவை இருந்து போயிருக்கிறேன். போன கிழமை பள்ளத்தோட்டத்துப் பெடியன் ஒருவன், உயர்தரம் படிக்கிறவன், இதே கேள்வியோடு வீட்டுக்கு வந்தான். சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் எழும்புவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அதிகம் இருந்தது எயார்பஸ் ஏ320இல். கதவைத் திறந்து உள்ளே போனால் வலது பக்கம், துணை விமானிக்குப் பின்னால், சுவரோரமாக ஓர் இருக்கை ஒதுங்கி நிற்கும். அதை இழுத்தால் தண்டவாளத்தில் ஓடி நடுவுக்கு வரும். பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் உட்கார வேண்டியதுதான். இரண்டு விமானிகளுக்கும் நடுவில், எஞ்சின் லீவர்களுக்கு நேர் பின்னால் இருப்பீர்கள். கால் நீட்ட இடமில்லை. நீங்கள் எழும்பி இருக்கையைத் திரும்ப ஒதுக்கினால்தான் மற்றவர் கதவுக்கு வசதியாகப் போக முடியும். இடது பக்கம் கப்டனுக்குப் பின்னால் இன்னொரு மடக்கு இருக்கையும் உண்டு, நாலாவது ஆளுக்கு. (பயணிகள் பகுதியில் பணிப்பெண்கள் கதவோரமாக இருக்கிற மடக்கு இருக்கைக்கும் ஜம்ப் சீட் என்றுதான் பெயர். இங்கே அதைச் சொல்லவில்லை.)

உட்கார்ந்த உடனே கப்டன் திரும்பிப் பார்த்துப் பாடம் எடுப்பார். எத்தனை தடவை வந்த ஆளாக இருந்தாலும் எடுப்பார். ஒக்சிசன் முகமூடி எங்கே இருக்கிறது, அதில் உள்ள சிவப்புப் பிடிகளை அமுக்கினால் பட்டிகள் காற்றடைத்து விரியும், தலையில் போட்டுவிட்டுப் பிடியை விட வேண்டும். அவசரத்தில் பக்கத்து ஜன்னலைப் பின்னுக்குத் தள்ளித் திறந்து, மேலே இருக்கிற கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டால் கட்டுப்பாட்டாளர் பேசுவது முழுவதும் கேட்கும். கடைசியாக ஒன்று சொல்வார்: 10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தேவையில்லாத ஒரு சொல்லும் வரக்கூடாது, ஆனால் பிழையாக எதையாவது கண்டால் உடனே சொல்ல வேண்டும். தேவையில்லாத பேச்சு கூடாது என்பதை அமெரிக்கா 1981இல் சட்டமாகவே ஆக்கியது.

சரி, யார் உட்காரலாம்? நாட்டுக்கு நாடு எழுத்தில் வித்தியாசம் உண்டு, அடிப்படை ஒன்றுதான். அந்தப் பறப்பில் கடமையில் இருக்கிற விமானிகள். விமானிகளைச் சோதிக்கவோ பயிற்றவோ வருகிற மூத்த விமானி. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை மாதிரியான ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பரிசோதகர். அவருக்கு அது உத்தியோக உரிமை. அப்புறம், நிறுவனத்தின் செயல்முறைக் கையேடு யாருக்கெல்லாம் அனுமதி கொடுக்கிறதோ அவர்கள்: வேறு ஊருக்கு வேலைக்குப் போகிற விமானி, பழகிப் பார்ப்பதற்காக வரும் வான் கட்டுப்பாட்டாளர், என்னைப் போல விமானத்தோடு கூடப் போகிற பொறியியலாளர். போய் இறங்குகிற இடத்தில் எங்கள் ஆள் இல்லாவிட்டால், விமானத்தைப் பார்த்துக் கையெழுத்து வைக்க ஒருவர் கூடப் போக வேண்டும். பயணிகள் பகுதி நிரம்பிவிட்டால் எனக்கு அந்த இருக்கைதான். அமெரிக்காவில் வேறு நிறுவனத்து விமானிக்கும் இடம் கொடுப்பார்கள். அவர் உண்மையிலேயே இன்ன நிறுவனத்தில் வேலையில் இருக்கிறாரா என்று கணினியில் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஓர் ஆளும் உண்டு. 2015 மார்ச்சில் ஜேர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி கப்டனை வெளியே பூட்டிவிட்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல நிறுவனங்களில் (சில நிறுவனங்கள் பின்னர் இதைக் கைவிட்டுவிட்டன), ஒரு விமானி கழிப்பறைக்குப் போனால் அவர் திரும்பி வரும்வரை விமானப் பணிப்பெண் ஒருவர் உள்ளே வந்து நிற்பார், அல்லது அந்த இருக்கையில் இருப்பார்.

பட்டியலில் பெயர் இருந்தாலும் போதாது. கப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பரிசோதகரைத் தவிர யாருக்கும் அது உரிமை கிடையாது. எனக்கும் ஒரு தடவை அப்படி நடந்தது. காலநிலை மோசம், துணை விமானி புதியவர். “இண்டைக்கு வேண்டாம் தம்பி, குறை நினைக்காதீங்க” என்றார் கப்டன். எனக்கு ஒரு துளி வருத்தமும் வரவில்லை. அந்த இரண்டு பேரின் கவனம் எவ்வளவு பெறுமதியானது என்று தெரிந்தவர் அவர்.

இந்தியாவில் 2023 பெப்ரவரியில் தில்லிக்கும் துபாய்க்கும் இடையே பறந்த எயார் இந்தியா விமானத்தில் ஒரு விமானி தன் தோழியை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். விஷயம் வெளியே வந்ததும் அவருடைய உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது, நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். இது அளவுக்கு மீறிய தண்டனை என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1994 மார்ச் 23 அன்று மொஸ்கோவிலிருந்து ஹொங்கொங் போன ஏரோஃப்ளோட் ஏ310இல் ஒரு கப்டன் தன் பிள்ளைகளை விமானியின் இருக்கையிலேயே இருக்க விட்டார். மகன் சுக்கானைப் பிடித்து அழுத்தியதில் தானியங்கி விமானியின் ஒரு பகுதி சத்தமில்லாமல் விடுபட்டது. விமானம் சாயத் தொடங்கியதைப் பெரியவர்கள் உணர்ந்தபோது காலம் பிந்திவிட்டது. 75 பேரும் போனார்கள். அந்தத் தகப்பனுக்குப் பிள்ளைகள் மேல் இருந்த அன்பில் எந்தப் பிழையும் இல்லை. அந்த அறை அதற்கான இடமில்லை.

உத்தியோக அட்டை இருப்பதாலேயே ஒருவரை நம்பிவிடவும் முடியாது. 2023 ஒக்டோபரில் அமெரிக்காவில், வேலை நேரத்தில் இல்லாத விமானி ஒருவர் ஜம்ப் சீட்டில் இருந்துகொண்டே பறக்கும்போது இரண்டு எஞ்சினின் தீயணைப்புப் பிடிகளையும் இழுக்கப் பார்த்தார். (அதை இழுத்தால் எஞ்சினுக்கு எரிபொருள் நின்றுவிடும்.) மற்ற இருவரும் தடுத்து விமானத்தைப் போர்ட்லாண்டில் இறக்கினார்கள்.

ஆனால் என் மனதில் எப்போதும் நிற்பது 2018 ஒக்டோபர் 28. லயன் எயார் 737 மேக்ஸ் ஒன்று பாலியிலிருந்து ஜகார்த்தா புறப்பட்டது. எழும்பியதும் பிழையான சென்சார் தகவலால் விமானம் தானாகவே மூக்கைக் கீழே தள்ளத் தொடங்கியது. அன்றைக்கு ஜம்ப் சீட்டில் மூன்றாவதாக ஒரு விமானி இருந்தார். கைகள் ஓடிக்கொண்டிருந்த இருவருக்கும் நிலைமையை விளங்கிக்கொள்ள அவரும் உதவினார். மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டிருந்த, வாலிலுள்ள டிரிம் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள், எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். அடுத்த நாள் காலை அதே விமானம், அதே கோளாறு. இந்தத் தடவை விமானி அறையில் இரண்டு பேர்தான். 189 பேர் கடலில் போனார்கள். முதல் நாள் பறப்பின் பதிவேட்டில் நடந்தது முழுவதும் எழுதப்படவில்லை என்பது ஒரு பொறியியலாளனாக எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கிற விஷயம். இரவில் அந்த விமானத்தைப் பழுது பார்த்த பொறியியலாளர்களுக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருந்தது.

எனக்கும் சின்னதாக ஓர் அனுபவம் உண்டு. இரவு நேரம், இறங்கிக்கொண்டிருக்கிறோம், மழை. கட்டுப்பாட்டாளர் 6,000 அடி என்று சொன்னது என் ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்டது. துணை விமானி ஏதோ இரைச்சலில் பதில் சொன்னார். முன்னால், இறங்க வேண்டிய உயரத்தை விமானிகள் போட்டுவைக்கிற சின்னக் கண்ணாடியில் 5,000 என்று விழுந்திருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது, நான் விமானி இல்லையே. ஆனாலும் விரலால் காட்டி, “கப்டன், ஆறாயிரம் என்றுதானே கேட்டது?” என்றேன். அவர் திரும்பவும் கேட்டார். ஆறாயிரம்தான். எண்ணை மாற்றினார், எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி. இறங்கி எஞ்சின் நிறுத்திய பிறகு என் தோளில் கை வைத்து, “இதுக்குத்தான் அந்த சீற்” என்றார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெடியன், “சும்மா பின்னால ஒரு ஆள் இருந்து பார்த்தா என்ன அங்கிள், கதைக்காம இருந்தா சரிதானே?” என்றான். அவனுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். “அப்பாட வள்ளம் கரைக்கு வரேக்க, அலை முறியிற இடத்தில எஞ்சின் பிடிக்கிறவருக்குப் பக்கத்தில சும்மா ஒரு ஆளை இருத்துவினமோ?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். “தெரிஞ்ச ஆளெண்டா இருத்துவினம். அலையைப் பார்த்துச் சொல்ல.” நான் சொல்ல நினைத்ததை என்னைவிட வடிவாகச் சொல்லிவிட்டான்.

உங்களுக்கு விமானி அறையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வழி இருக்கிறது. விமானம் நின்று, எஞ்சின் அணைந்து, மற்றவர்கள் இறங்கும்வரை பொறுத்திருந்து பணிப்பெண்ணிடம் மரியாதையாகக் கேளுங்கள். கப்டனுக்கு நேரம் இருந்தால், விமான நிலைய விதியும் இடம் கொடுத்தால், பெரும்பாலும் சந்தோஷமாகவே உள்ளே கூப்பிடுவார். பிள்ளைகள் இருந்தால் இன்னும் சந்தோஷம். அடுத்த பறப்புக்கு அவசரமாகத் தயாராகிற நேரமென்றால் இல்லை என்பார்கள், வற்புறுத்த வேண்டாம். பறக்கும்போது அந்த இருக்கையில்தான் இருக்க வேண்டும் என்றால் விமானியாகலாம், கட்டுப்பாட்டாளராகலாம், என் தொழிலுக்கும் வரலாம். அந்தப் பெடியன் இப்போது உயர்தரத்துப் பௌதிகவியல் கணக்குகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தைக்கு வருகிறான்.