வியர்க்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

கேள்வி: தூத்துக்குடியில் அப்பா (58) உப்பள வேலைக்குப் போகிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மழைக்காலம் முடிந்து இப்போதுதான் வேலை தொடங்கியது. மாசியிலேயே புழுக்கம் தாங்கவில்லை. உடம்பெல்லாம் வேர்க்குரு, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. கிட்னி கெட்டுவிடும் என்று இணையத்தில் படித்து, ஓஆர்எஸ் பவுடரை டம்ளரில் கலக்கிக் கொடுக்கிறேன். போன வாரம் வேர்த்து விறுவிறுத்து வந்தவர், என்னைப் பார்த்து அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தலையில் தண்ணீர் ஊற்றியதும் தெளிந்தார்.

பதில்: வேர்க்குரு பச்சைத் தண்ணீரில் குளித்தால் அடங்கும், உடம்பில் முகப்பவுடரை அப்ப வேண்டாம். மஞ்சள் சிறுநீர், தண்ணீர் போதவில்லை என்பதற்கு அடையாளம். டிக்காஷன் போலக் கறுத்தால் மட்டும் அன்றைக்கே ஓடிவாருங்கள். கிட்னி பயத்துக்கு கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், இணையம் வேண்டாம்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பெயர் மாறியது, அதுதான் விஷயம். வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஹீட் ஸ்ட்ரோக்கில் (வெப்பத் தாக்கில்) வியர்வை நின்றுவிடும் என்பது பாதி உண்மை. உழைப்பவர்களுக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரும். கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. மாதக்கணக்கில் இந்த வேலையை விட்டிருந்த உடம்பு பழக இரண்டு வாரமாவது பிடிக்கும். முதல் நாட்களில் மதிய வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மறுபடி அப்படி ஆனால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு! டம்ளரில் கலக்கினால் அது மருந்தல்ல, உப்புக் கரைசல். பிரஷர்காரருக்கு அது தேவையா?

தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்தின் முன்னறிகுறியும் இப்படி வந்து தெளியலாம். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும். அளவை டாக்டர் மாற்றட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.