10 மெசேஜ் விதி

வணக்கம் அண்ணா,

கிருஷ்ணகிரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் 9 பேர் வாட்ஸ்அப் குழுவில் மாஃபியா ஆடுகிறோம். 7 பேர் ஊர்க்காரர்கள், 2 பேர் மாஃபியா. ஆடுகிறவர்களில் யார் மாஃபியா என்று அந்த 2 பேருக்கு மட்டும்தான் தெரியும். இரவில் அவர்கள் ரகசியமாக ஒருவரைத் தீர்த்துக்கட்டுவார்கள், பகலில் எல்லோரும் பேசி, சந்தேகப்படும் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றுவோம். ஆட்டத்தை நடத்த இன்னொரு நண்பர் தனியாக இருக்கிறார். ஒரு பகல் என்பது எங்களுக்கு 24 மணி நேரம். ராத்திரி 9 மணிக்குள் யார்மேல் 5 ஓட்டு விழுகிறதோ அவர் வெளியே. பிரச்சினை, 3 பேர் வாயே திறப்பதில்லை. ஒருவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. இன்னொருவர் மாங்கூழ் ஆலையில் இருக்கிறார், சீசனில் ஆளைப் பிடிக்கவே முடியாது. மூன்றாமவருக்கு நேரம் இருக்கிறது. மெசேஜ் இன்ஃபோவில் பார்த்தால் எல்லாவற்றையும் படித்திருக்கிறார், எழுதுவது மட்டும் இல்லை. போன ஆட்டம் தோற்றதும், பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நண்பர் கோபித்துக்கொண்டார். "விளையாட்டுக்குப் போய் இவ்வளவா?" என்று அந்த மூவரும் கேட்கிறார்கள். நாளுக்கு 10 மெசேஜாவது போட வேண்டும், போடாதவரை முதலில் வெளியேற்றுவோம் என்று விதி வைக்கலாமா? நேரம் இல்லாதவரை ஆட்டம் நடத்துபவராகப் போட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. (குழுவில் எல்லோரும் உங்கள் தளத்தைப் படிப்பவர்கள், என் பெயர் வேண்டாம்.)

கிருஷ்ணகிரி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

10 மெசேஜ் விதி வேண்டாம். ஆனால் "விளையாட்டுக்குப் போய் இவ்வளவா" என்பவர்கள் பக்கமும் நான் இல்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பேசாத 3 பேரும் ஊர்க்காரர்கள், ஓட்டும் போடவில்லை என்று வையுங்கள். மிச்சம் ஓட்டுப் போடுகிறவர்கள் 6 பேர்: 4 ஊர்க்காரர்கள், 2 மாஃபியா. அந்த 4 பேரும் சரியான ஆளையே கண்டுபிடித்துவிட்டாலும் 4 ஓட்டுதான் விழும். ஐந்தாவது ஓட்டை இன்னொரு மாஃபியாக்காரர் போட்டால்தான் உண்டு. மறுபக்கம், ஓர் அப்பாவியை வெளியேற்ற மாஃபியாவின் 2 ஓட்டோடு மீதி 3 ஊர்க்காரர்கள் ஏமாந்தால் போதும். அதாவது முதல் நாளிலேயே உங்கள் ஊர் பாதி தோற்றுவிட்டது, அதுவும் யாரும் பொய் சொல்லாமலே. பக்கம் பக்கமாக எழுதியவருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சின்ன வயதில் சீட்டு எழுதிப் போட்டு ராஜா ராணி போலீஸ் திருடன் ஆடியிருப்பீர்கள். அதில் போலீஸ் மட்டும் யோசித்தால் போதும். ராஜாவும் ராணியும் முறுக்கு தின்றுகொண்டிருந்தாலும் ஆட்டம் நடக்கும். மாஃபியாவில் ஊர்க்காரர் ஒவ்வொருவரும் போலீஸ். விவரம் தெரிந்த சிறு கூட்டம் ஒன்று, விவரம் தெரியாத பெருங்கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. பெருங்கூட்டத்துக்கு எண்ணிக்கையைத் தவிர வேறு பலம் கிடையாது.

1986-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி டேவிடாஃப் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, எல்லோரும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஆடினார்கள். பேசாமல் இருந்தாலும் முகம் தெரியும், கை நடுங்குவது தெரியும். 2020 ஊரடங்கில் நாடெல்லாம் ஆடிய அமாங் அஸ் என்ற ஆன்லைன் விளையாட்டிலும் பேசாதவர் எங்கே நடந்தார், யார் பக்கத்தில் நின்றார் என்று பார்க்கலாம். வாயைத் திறக்காமல் தன் வேலைகளை முடித்தால்கூடத் தன் அணிக்கு உதவியவர் ஆகிறார். வாட்ஸ்அப்பில் இதெல்லாம் இல்லை. எழுதியது மட்டும்தான் தடயம். எழுதாதவர் தடயமே இல்லாத ஆள், மாஃபியாவுக்கு அதைவிட வசதியான வேஷம் கிடைக்காது.

அப்புறம் ஏன் 10 மெசேஜ் விதி வேண்டாம் என்கிறேன்? விதி வந்த மறுநாளே "ஆமா, எனக்கும் அவன்மேல் டவுட்" என்று 10 தடவை வரும். இந்த மாதிரி மெசேஜ் போடுவதில் மாஃபியாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்கு எப்போதும் மெசேஜாகக் கொட்டுகிறவர் மேல்தான் முதல் சந்தேகம், அது என் குணம். எண்ணிக்கைக்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: ஒரு பகலுக்குள் ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஷிஃப்டில் டீ குடிக்கப் போகும்போது எழுதிவிடலாம். மூன்றாம் நாள் யாராவது பின்னால் போய், "அன்றைக்கு இப்படிச் சொன்னாயே, இப்போது ஏன் மாறினாய்?" என்று கேட்க அந்த இரண்டு வரி போதும்.

பேசாதவரை முதலில் வெளியேற்றுவது என்ற இரண்டாம் பாதி இன்னும் மோசம். அந்த ஓட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதால், மாஃபியா சந்தோஷமாக வந்து சேர்ந்துகொள்ளும். ஓர் ஊர்க்காரரும் போவார், யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவும் தெரியாது.

உங்கள் சண்டையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிப்காட் நண்பரையும் படித்துவிட்டுப் பேசாத நண்பரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். வர முடியாமல் போவது ஆட்டத்தை நடத்துபவர் பார்க்க வேண்டிய விஷயம். ஆன்லைனில் பல காலமாக ஆடுகிறவர்களிடம் இதற்கு வழக்கங்கள் உண்டு. வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். குறிப்பிட்ட நேரம் ஆளைக் காணவில்லை என்றால் நடத்துபவர் தனியாக ஒரு மெசேஜ் போடுவார். அதற்கும் பதில் இல்லையென்றால் வெளியில் காத்திருக்கும் ஒருவர் அதே வேடத்தோடு அவர் இடத்துக்கு வருவார். என்ன வேடம் என்று நடத்துபவர் மூச்சு விடக்கூடாது. உங்கள் குழுவில் அப்படி 2 பேரை ஒதுக்கி வையுங்கள். பகலையும் 48 மணி நேரமாக்குங்கள். ராத்திரி 9 மணிக்குக் கெடு வைத்தால் இரண்டாம் ஷிஃப்டில் நிற்பவர் என்ன செய்வார்?

படித்துவிட்டுப் பேசாமல் இருப்பது வேறு, அதுவே ஓர் ஆட்டம். அவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேளுங்கள், மழுப்பினால் ஓட்டைப் போடுங்கள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் ஆட்டம் முழுக்க இப்படித்தான் இருப்பேன் என்றால் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். எவ்வளவு நேரம் தர வேண்டியிருக்கும் என்பதை ஆள் சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். மாங்கூழ் ஆலை நண்பர் சீசன் முடிந்ததும் வரட்டும்.

நேரமில்லாதவரை ஆட்டம் நடத்தப் போடுவது மட்டும் கூடவே கூடாது. இரவில் மாஃபியா யாரைக் குறிவைக்கிறது, ஊர்க்காரர்களில் டாக்டர் வேடம் உள்ளவர் யாரைக் காப்பாற்றுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தனித்தனியாக வந்து சேரும். ஓட்டு எண்ண வேண்டும், கெடுவை நினைவுபடுத்த வேண்டும், சண்டையை விலக்க வேண்டும். 10 பேரில் அதிக நேரம் வேண்டியிருப்பது அவருக்குத்தான். கோபித்துக்கொண்ட அந்த நண்பரிடம் கேட்டுப் பாருங்களேன்.