தோள் ஒத்துழைக்கவில்லை, ஸ்குவாட்டை விட மனமில்லை: சேஃப்டி பார் உதவுமா?

கேள்வி: எனக்கு 41 வயதுங்க. அவிநாசியில் வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. நேர் ராடில் 100 கிலோ ஏற்றித் தோளில் வைத்து, உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை ஐந்து ரெப், அதாவது விடாமல் ஐந்து முறை, போடுவேன். சில மாதமாக வலது தோள் இறுகிவிட்டது. ராடைப் பிடிக்கக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, முழங்கையும் வலிக்கிறது. எங்கள் ஜிம்மில் புதிதாக சேஃப்டி ஸ்குவாட் பார் வாங்கியிருக்கிறார்கள், தோளில் உட்காரப் பஞ்சுப் பட்டையும் முன்னால் இரண்டு கைப்பிடியும் வைத்த வளைந்த ராடு. நேர் ராடுக்குப் போடுவது போலவே பிளேட் கணக்குப் பார்த்து 80 கிலோ வைத்தேன். 100 கிலோ போல அழுத்தியது, முன்னால் வேறு தள்ளியது. ஐந்து ரெப்போடு நிறுத்திவிட்டேன். என் பலம் குறைந்துவிட்டதா? மாவட்ட பவர்லிஃப்டிங் போட்டியில் மாஸ்டர்ஸ் பிரிவில் இறங்க ஆசை. இதிலேயே பழகினால் நேர் ராடு கைவிட்டுப் போகுமா? கோவையில் லேத் பட்டறையில் சொன்னால் பாதி விலைக்குச் செய்து தருவார்கள் என்கிறார் நண்பர். வீட்டுக்கு ஒன்று செய்துகொள்ளலாமா?

பதில்: பலம் குறையவில்லைங்க. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அன்றைக்கு உங்கள் அளவுக்கு நல்ல ஸ்குவாட்டே போட்டிருக்கிறீர்கள். கணக்கில்தான் பிசகு.

நேர் ராடு 20 கிலோ என்று எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு பக்கமும் 30, 30 மாட்டினால் 80 என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் சேஃப்டி பாருக்கு அப்படி ஒரே எடை கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 20 கிலோவில் தொடங்கி 30ஐத் தாண்டியும் வருகிறது. பஞ்சு வைத்த பட்டை, கைப்பிடி, வளைவு எல்லாம் சேர்ந்தால் எடை கூடத்தானே செய்யும். உங்கள் ஜிம்மில் இருப்பது 30 கிலோ பார் என்றால், நீங்கள் 80 என்று நினைத்துத் தூக்கியது 90. முதல் வேலையாக அந்தப் பாரை எடை போடுங்கள். திருப்பூரில் இதற்கா பஞ்சம்? துணி ரோல் எடை போடும் தராசு தெருவுக்கு நாலு இருக்கும். வந்த எடையை பெயின்டில் பாரின் முனையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஜிம்மில் மற்றவர்களும் உங்களைப் போலவே தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் எடை உட்காரும் இடம். இந்தப் பாரின் இரண்டு முனைகளும் நேராகப் போகாமல் கீழே இறங்கி, கொஞ்சம் முன்னாலும் வந்து முடிகின்றன. பட்டை கழுத்துக்குக் கீழே, மேல்முதுகின் உச்சியில் உட்கார்கிறது. நீங்கள் இதுவரை ராடைத் தோள்பட்டை எலும்பின் மேல் தாழ்வாக வைத்துப் போட்டவர் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. சுமை மேலேயும் முன்னாலேயும் இருப்பதால், உங்கள் மார்பை மடக்கிக் கீழே அமுக்கப் பார்க்கும். அதை எதிர்த்து நிற்பது மேல்முதுகுத் தசைகளின் வேலை. கால் இன்னும் தூக்கத் தயாராக இருக்கும்போதே மேல்முதுகு கையை விரித்துவிடும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பாரில் நேர் ராடைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாகவே வரும். 100க்கு ஐந்து போடுகிறவருக்கு இதில் 85, 90 தான் நியாயமான ஐந்து. நீங்கள் போட்டதும் அதேதான்.

இனி தோள். சேஃப்டி என்ற பெயரைப் பார்த்துவிட்டு முதுகுக்கும் மூட்டுக்கும் இது மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. இது காப்பாற்றுவது முக்கியமாகத் தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும்தான். கைப்பிடி மார்புக்கு முன்னால் வருவதால் கையைப் பின்னால் திருப்பவே வேண்டாம். நாள் முழுக்க மேஜை மேல் குனிந்து கட்டிங் மெஷினைத் தள்ளுகிறவருக்குத் தோள் முன்னால் உருண்டு இறுகிப்போவது சகஜம். அந்த வகையில் உங்களுக்கு இந்தப் பார் பொருத்தமானதுதான். முழங்கை வலியும் பெரும்பாலும் தோள் திரும்பாததால் வருவதுதான். தோள் விட்டுக்கொடுக்காததை முழங்கையும் மணிக்கட்டும் ஈடுகட்டப் பார்க்கின்றன.

ஆனால் அந்த இறுக்கம் எந்த வகை என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடது கை எவ்வளவு போகிறது, வலது எவ்வளவு? அப்புறம் உங்கள் கையைத் தளரவிட்டு, வேறொருவரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பியும் வலது கை இடதில் பாதிகூடப் போகவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுத்தால் வலி எழுப்பிவிடுகிறது என்றால், அது வெறும் தசைப்பிடிப்பு இல்லாமல் மூட்டைச் சுற்றிய உறையே இறுகும் தோள் உறைவாக இருக்கலாம். 40 முதல் 60 வயதில் அது அதிகம், சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அப்படியென்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், கூடவே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியது. இவை எதுவும் இல்லையென்றால் தைரியமாகத் தொடரலாம். ஸ்குவாட்டுக்குப் பாரை மாற்றிவிட்டு, படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் அதே தோளைப் போட்டு வாட்டக் கூடாது. பெஞ்சையும் கொஞ்ச நாள் குறையுங்கள், பின்னிழுக்கும் ரோயிங் பயிற்சியைக் கூட்டுங்கள்.

பாரைத் தூக்குவதற்கு முன்னால், அதைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டான ரேக்கைச் சரிசெய்ய வேண்டும். நேர் ராடுக்கு வைத்த கொக்கி உயரம் இதற்குப் பொருந்தாது. பட்டையின் கனத்தால் பார் தோளுக்குச் சற்று மேலேயே நிற்கும். வெறும் பாரோடு உள்ளே போய் நின்று, முழங்கால் லேசாக மடங்கிய நிலையில் எடுக்க வருகிறதா என்று பாருங்கள். எக்கி எடுக்கும்படி இருந்தால் ஒரு துளை கீழே இறக்குங்கள். அதைவிட முக்கியம் கீழே தாங்கும் பின், அதாவது ரேக்கின் இரண்டு பக்கமும் செருகும் இரும்புக் கம்பி. வெறும் பாரோடு அடி வரை உட்கார்ந்து, அதற்கு ஒரு விரற்கடை கீழே பின் வரும்படி வையுங்கள். இந்தப் பாரை முதுகிலிருந்து பின்னால் தள்ளிவிட முடியாது, பட்டை தோளைக் கவ்விக்கொண்டிருக்கும். எழ முடியாமல் போனால் அந்தப் பின்களின் மேல் இறக்கி வைப்பது ஒன்றுதான் வழி. பின் இல்லாத ரேக்கில் கனமாகப் போடாதீர்கள். பின் வேண்டாம் என்று எந்த ஜிம் மாஸ்டர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பட்டை பிடரியில் துருத்தும் கழுத்து எலும்பின் மேல் உட்காரக் கூடாது. தோளை லேசாக உயர்த்தினால் திரளும் சதையின் மேல் உட்கார வேண்டும். முதல் சில வாரம் அந்த இடம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். கழுத்து எலும்பே வலித்தால் பார் மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

கைப்பிடியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எழும்போது கஷ்டமானதும் கைப்பிடியை மேலே தூக்குகிறார்கள். தூக்கினால் பார் சுழன்று, தொங்கும் முனைகள் இன்னும் முன்னால் போகும். முன்னால் தள்ளுகிறது என்று சொன்னீர்களே, அதில் பாதி இப்படி நீங்களே வரவழைத்ததாக இருக்கலாம். முழங்கையை விலாப் பக்கம் வைத்து, கைப்பிடி ஆடாமல் பிடித்துக்கொண்டால் போதும். தூக்கவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம்.

மூச்சை வயிறு நிறைய இழுத்துப் பிடித்து, இரண்டு குதிகாலுக்கும் நடுவே உட்காருங்கள். நேர் ராடில் இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காரும் பழக்கம் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும். இதில் உடம்பு நிமிர்ந்தே இறங்கும், முழங்கால் கொஞ்சம் கூடுதலாக முன்னால் வரும், தொடையின் முன்பக்கம் நன்றாக வாங்கும். எழும்போது இடுப்பு முதலில் மேலே போய் நெஞ்சு கீழே விழுவதுதான் இங்கே பெரிய தவறு. நேர் ராடில் அப்படி விழுந்தாலும் முதுகு பலத்தில் நிமிர்த்தி ஒப்பேற்றிவிடலாம். இது விடாது, பட்டை பிடரியைப் பிடித்து அமுக்கும். பள்ளத்திலிருந்து கிளம்பும் நொடியில் மேல்முதுகைப் பட்டையின் மேல் மோதுவது போல நினைத்துத் தள்ளுங்கள். தலையை அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டாம். எதிரே சுவரில் கண் உயரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும்.

எடைக்கு வருவோம். பார் 30 கிலோ என்று வைத்துச் சொல்கிறேன், உங்கள் தராசு வேறு சொன்னால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 65 கிலோவில் தொடங்குங்கள், அதாவது பக்கத்துக்கு 17.5. எட்டு ரெப் வீதம் மூன்று செட். ஒவ்வொரு செட்டும் இன்னும் இரண்டு மூன்று போடலாம் என்ற நிலையில் முடிய வேண்டும். வாரம் 2.5 கிலோ ஏற்றுங்கள். 75ஐத் தாண்டியதும் ஐந்து ரெப், நாலு செட்டுக்கு மாறி 80ல் தொடங்கி 90 வரை போகலாம். வாரம் இரண்டு நாள் போதும். இரண்டாவது நாளில் 60 கிலோவுக்கு மேல் போகாமல், அடியில் இரண்டு நொடி நின்று எழும் ஸ்குவாட் போடுங்கள். மேல்முதுகுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற நாளில் கனமான செட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குக் காலும் முதுகும் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று வந்திருக்கும்.

இந்தப் பாரைப் பற்றிப் பேசும்போது ஃபிரெட் ஹேட்ஃபீல்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1987ல் 1014 பவுண்டு, அதாவது சுமார் 460 கிலோ ஸ்குவாட் போட்ட அமெரிக்கர். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, உங்கள் வயதுக்காரர்கள் கவனிக்கவும். இந்தப் பாரை முதுகில் வைத்துவிட்டு, பாரை விட்டுக் கையை எடுத்து, ரேக்கைப் பிடித்துக்கொண்டு போடும் ஸ்குவாட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கையால் சமநிலை கிடைப்பதால் எடையைக் கூட்டலாம். யூடியூபில் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். கை எடுத்தாலும் பார் தானாக ஆடாமல் உட்காரும் அளவுக்குப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போட்டி விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லை. பவர்லிஃப்டிங் போட்டியில் நேர் ராடு மட்டும்தான், ராடு 20 கிலோ, பிளேட் நழுவாமல் மாட்டும் லாக் பக்கத்துக்கு 2.5 கிலோ. மாஸ்டர்ஸ் முதல் பிரிவு 40 வயதில் தொடங்கி 49 வரை, அதில் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். சேஃப்டி பாரில் ஏற்றிய கால் பலமும் மேல்முதுகு பலமும் நேர் ராடுக்கும் வந்து சேரும். ஆனால் ராடைப் பிடிப்பதும், அதை முதுகில் வைத்துச் சமாளிப்பதும் தனிப் பழக்கம், அதை விட்டால் துருப்பிடிக்கும். தோள் அனுமதித்தால் வாரம் ஒரு நாள் 40, 50 கிலோவில் நேர் ராடை வைத்து ஓரிரு செட் மட்டும் போட்டு வையுங்கள். போட்டிக்கு எட்டு வாரம் முன்னால் கனமான நாளை நேர் ராடுக்குக் கொடுத்துவிட்டு, சேஃப்டி பாரை லேசான நாளுக்குத் தள்ளிவிடுங்கள். அப்போதும் தோள் முரண்டு பிடித்தால் ராடைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்து, கையை நன்றாக அகட்டிப் பிடியுங்கள். காலர் வரை, அதாவது ராடில் பிளேட் முட்டி நிற்கும் வளையம் வரை, கையை அகட்ட விதி இடம் தருகிறது. ராடைத் தாழ்வாக வைத்து ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்குவதைவிட, நல்ல தோளோடு மேடை ஏறுவது மேல். தொடங்க ‘ஸ்குவாட்’, முடிந்ததும் ராடைத் திரும்ப வைக்க ‘ரேக்’ என்று நடுவர் சொல்லும் கட்டளைகளைக் கேட்டுப் போடும் பழக்கத்தை ஜிம்மிலேயே யாரையாவது சொல்லச் சொல்லிப் பழகுங்கள். தொடை இடுப்போடு சேரும் இடம் முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே போக வேண்டும். சேஃப்டி பாரில் நிமிர்ந்து ஆழமாக உட்காரப் பழகியவருக்கு அது பெரிய கஷ்டமாக இருக்காது.

கடைசியாக லேத் பட்டறை. கோவைக்காரர்களின் கைவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். பம்புக்கும் மோட்டாருக்கும் ஷாஃப்ட் கடைந்து பழகிய ஊர், ஒரு ராடு கடைவது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. சிக்கல் கடைசலில் இல்லை, இரும்பிலும் வெல்டிலும் இருக்கிறது. விலை குறைய வேண்டுமென்று சாதா மைல்டு ஸ்டீல் குழாயில் செய்தால், எடை ஏறும்போது வளைந்து அப்படியே நின்றுவிடும். ஈ.என். 8 போன்ற கார்பன் கூடிய இரும்பில் செய்தால் எளிதில் வளையாது, ஆனால் வெல்டு வைப்பதற்கு முன் சூடேற்றி, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரத்தில் அப்படியே வெல்டு வைத்தால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சேஃப்டி பாரில் வெல்டு விழும் இடங்கள் வளைவிலும் கைப்பிடி சேரும் இடத்திலும்தான், முழுப் பளுவும் திரும்புவது அந்த வளைவில்தான். அது விடும்போது பார் உங்கள் பிடரி மேல் இருக்கும்.

இன்னொன்று, இரண்டு பக்க வளைவும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு டிகிரி மாறினாலும் ஒரு பக்கம் பிளேட் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் தொங்கி, ஒவ்வொரு ரெப்பிலும் உடம்பைத் திருகும். ஏற்கெனவே யாராவது செய்து வைத்திருந்தால் பட்டறையில் மட்டம் பார்க்க வைத்திருக்கும் சமதளப் பலகையான சர்ஃபேஸ் பிளேட் மேல் வைத்து இரண்டு முனையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம், வெல்டில் சாயம் ஊற்றி விரிசல் சோதனையும் செய்யலாம். புதிதாகச் செய்ய நினைத்தால் என் யோசனை இதுதான்: ரேக், பின், பெஞ்ச், பிளேட் ஸ்டாண்டு எல்லாம் பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள், காசு நிறைய மிஞ்சும். முதுகில் ஏறுகிற பாரை மட்டும் எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதிக் கொடுக்கிற கம்பெனியிடம் வாங்குங்கள். அது கட்டாவிட்டால் இப்போதைக்கு ஜிம் பாரே போதும்.