அடிக்கிற கணவரைப் பிரிந்திருப்பது வேதத்துக்கு விரோதமா?

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிப்பதால் பிள்ளைகளுடன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். "மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தை, கர்த்தர் வெறுக்கிறார், திரும்பிப் போ" என்கிறார்கள் சபைப் பெரியவர்கள். நான் செய்வது பாவமா?

பதில்: இல்லை, சகோதரி. உங்களிடம் சொல்லப்பட்டது பாதி வேதம்தான்.

எபேசியர் 5-ஐத் திறந்து பாருங்கள். மனைவிக்கான புத்தி 22 முதல் 24 வரை, மூன்றே வசனம். 25-லிருந்து அதிகாரம் முடியும்வரை பெரும்பாலும் புருஷனுக்குத்தான். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல அவன் அன்புகூர வேண்டும். தன் சொந்த உடம்பைப் போஷித்துக் காப்பதுபோல மனைவியைக் காக்க வேண்டும். பேதுரு இன்னும் கண்டிப்பானவர். மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காதவனின் ஜெபத்துக்கே தடை வரும் என்கிறார் (1 பேதுரு 3:7). இதை உங்கள் கணவரிடம் யாராவது போய்ச் சொன்னார்களா? தள்ளிவிடுதலை வெறுப்பதாகச் சொல்லும் மல்கியா 2:16, அதே மூச்சில் கொடுமையையும் கண்டிக்கிறது.

இயேசு விவாகரத்தைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசினார் என்பது உண்மை. ஆனால் யாரிடம்? சமையலைக் கெடுத்தாலே மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு எழுதலாம் என்று போதித்த ஒரு சாராரும் அக்கால யூத ரபீக்களிடையே இருந்தார்கள். "எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவிடலாமா?" என்று பரிசேயர் கேட்டதற்கான பதில்தான் மத்தேயு 19. நிர்க்கதியாக விடப்படும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு. அதைக் காட்டியே அடிவாங்கும் பெண்ணைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பெரிய வேதனை.

சரி, இப்போது என்ன செய்வது? பிரிந்திருப்பது, விவாகரத்து, மறுமணம் மூன்றும் வேறு வேறு. பிரிந்துபோகக் கூடாது என்று சொல்லும் பவுலே, பிரிந்தால் மறுமணமின்றி இருக்கவோ ஒப்புரவாகவோ வேண்டும் என்று வழி வைக்கிறார் (1 கொரிந்தியர் 7:10-11). திருமண பந்தத்தை முறிக்க முடியாது என்று போதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமும், துணையால் கடும் ஆபத்து வந்தால் பிரிந்து வாழ அனுமதிக்கிறது (விதி 1153).

விவாகரத்தில்தான் சபைகள் வேறுபடுகின்றன. மத்தேயு 19:9 வேசித்தனத்தையும், 1 கொரிந்தியர் 7:15 அவிசுவாசியான துணை பிரிந்துபோவதையும் சொல்கின்றன. விடாத கொடுமையும் கைவிடுதலுக்குச் சமம் என்று புராட்டஸ்டன்ட் போதகர்கள் பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

சட்டத்தில் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். கொடுமையை மட்டும் காரணமாகக் காட்டி மனைவி விவாகரத்து கேட்க முடிந்தது 2001 திருத்தத்துக்குப் பிறகுதான். அது வேண்டாமென்றால், 22-ஆம் பிரிவின் கீழ் திருமணம் முறியாமலே நீதிமன்றத்தில் பிரிவு கேட்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் பராமரிப்புத் தொகையும் உண்டு. அதற்குப் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள், அல்லது மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள்.

கணவர் மனந்திரும்பிவிட்டதாகச் சொன்னால் அவசரப்படாதீர்கள். குடியை விட்டு, சிகிச்சைக்குப் போய், அந்த மாற்றம் மாதக்கணக்கில் நிற்கட்டும். அப்புறம் பேசலாம், அதுவும் தனியாக வேண்டாம்.