இறுதி ஆட்டத்தை எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி: தொலைக்காட்சியில் மட்டுமே கூடைப்பந்து பார்த்துவந்த நான், அடுத்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நேரில் காண விரும்புகிறேன். எந்த இருக்கை நல்லது?

பதில்: 2027இல் கத்தாரில் நடைபெறவுள்ள அப்போட்டிக்குக் களத்தை ஒட்டிய இருக்கையைத்தான் பலரும் நாடுவார்கள். ஆனால் பக்கக்கோட்டின் நடுப்பகுதியில், சற்று உயரத்தில் உள்ள இருக்கையையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில், பந்து கையில் இல்லாத நால்வரும் எதிரணித் தடுப்பாளரை மறித்து நின்று தோழருக்கு வழி திறந்துவிடும் நுட்பம், பந்தையே துரத்தும் கேமராவில் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

தாமதமாகச் செல்லாதீர்கள். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வில் ஒரு கால்பகுதி 12 நிமிடம் என்றால், பன்னாட்டு ஆட்டத்தில் 10 நிமிடமே. ஐந்து நிமிடம் தவறவிட்டால் ஆட்டத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும்.

ஓர் அணியை மட்டும் நம்பி முன்கூட்டியே சீட்டு வாங்குவதிலும் இடர் உண்டு. 2023இல் மணிலாவில், அமெரிக்கா அரையிறுதியிலேயே ஜெர்மனியிடம் 113–111 என்று தோற்றது. அந்த ஏமாற்றத்தோடு இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்களும், ஜெர்மானிய வீரர் ஷ்ரோடர் 28 புள்ளிகள் குவிக்க, செர்பியாவை 83–77 என்று வென்று ஜெர்மனி முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியதைக் கண்டார்கள்.